இரண்டு நெல்லிக்காய்

அன்பு மகனே,

பலமுறை யோசித்து, சாதக பாதகங்களை எடைபோட்டு, உன் அம்மாவின் கருத்தையும் கேட்டறிந்து, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உன் மாமனார் ஆகப்போகிறவரின் ஊருக்குத் தண்ணீர்க் கூஜாவை எடுத்துப் போவதில்லை என்பதே அந்த முடிவு. அதை அறிவித்ததும் உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கூஜாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூஜாவிலிருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பஸ்ஸிலும் லாரியிலும் மாட்டுவண்டியிலும் என்னோடு இந்தக் கடற்கரையை வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் அளந்த பித்தளைக் கூஜா அது. அது இல்லாமல் வாசலைத் தாண்டியபோது வலது கை எடையில்லாமல் ஆடியது. தெருமுனை வரைக்கும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டிய அவசியம் என்ன என்று நீ கேட்கலாம். துறைமுகத்தில் உன்னைப் பயிற்சிக்காகக் கொச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பாகத்தான் திரும்பி வருகிறாய். அதற்குள் யாராவது ஒரு சொந்தக்காரர் உனக்கு இதைச் சொல்லிவிடுவார். அவர் சொல்கிற கதையில் நான் ஊர்க் கிணற்றில் விஷம் கலந்திருப்பேன். நடந்தது அதைவிடச் சிறியது. சிறியதாக இருந்ததால்தான் எட்டு வருடம் மறைத்துவைக்க முடிந்தது. அந்த வீட்டுக்கு மருமகனாகப் போய் உட்காருவதற்கு முன்னால், அந்த வீட்டுக்கு உன் அப்பா என்ன செய்தான் என்பதை அவனிடமிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் உனக்கும் எனக்கும் இதுவரை நடந்த பேச்சுகளிலேயே நீளமானது உன் சைக்கிள் திருட்டுப்போன அன்று நடந்தது. அதிலும் பாதி போலீஸ்காரர் பேசியது.

என் வேலை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கிராமங்களுக்கு அடிபம்பு போட்டுக் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் போர் செட்டுக்குப் பொறுப்பாளன். முக்காலி நட்டு, கப்பியில் கயிறு மாட்டி, நான்கு பேர் சுற்றிச் சுற்றி வந்து குழாயை மண்ணுக்குள் திருகுகிற கை போர். அந்த நால்வருக்குத் தலைவர் சுடலை. உனக்கு நுங்கு சீவிக் கொடுப்பாரே, அவர்தான். இந்த உழைப்பில் என் கை எங்கும் படாது. என் பங்கு நாக்கு. தண்ணீர் வந்ததும் ஒரு புட்டியில் பிடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவோம். பதில் வர ஆறு வாரமாகும். அதுவரை போர் செட்டைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது என்பதால் எங்கள் அலுவலகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. முதலில் பொறுப்பாளர் குடித்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்த ஊரின் பெரிய மனிதர் ஒருவர் குடித்துப் பார்த்து, தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறது என்று அச்சடித்த தாளில் கையெழுத்திட வேண்டும். அதற்கு ருசிச் சான்று என்று பெயர். சான்று வந்துவிட்டால் அந்த ஊர் 'தண்ணீர் உள்ள ஊர்' என்ற பதிவேட்டுக்குப் போய்விடும்.

நாக்கை நான் ஒரு கருவியாகவே பராமரித்தேன். போர் நடக்கிற நாட்களில் வெற்றிலை கிடையாது, காப்பி கிடையாது, கருவாடு கிடையாது. வீட்டுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. கூஜா வந்தது அதற்காகத்தான். ருசி பார்ப்பதற்கு முன் கூஜாத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளிப்பேன். பார்ப்பவர்கள் அதை ஒரு ஜெபம் மாதிரி நின்று பார்ப்பார்கள். நானும் அதை அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு ஊர்களில் நான் போட்ட போர்களில் ஒன்றுகூட உப்பு என்று திரும்பி வந்ததில்லை. இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பனையடிவிளைக்கு நாங்கள் போனது தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். உடன்குடியில் இறங்கி, செம்மணலில் பனைகளுக்கு நடுவே கடலைப் பார்த்து நடந்தால் வருகிற ஊர். நிச்சயத்தன்று நீயும் பார்த்தாய்: ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஐம்பது வீடு, கருப்பட்டி காய்ச்சுகிற புகை. நீ பார்க்காதது ஊருக்கு அடியில் இருப்பது. மணலில் பெய்கிற மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு முழம் களிமண். மலைப்பக்கத்தில் போர் போடுகிறவன் எதுவரை போவது என்று படிக்கிறான். கடற்கரையில் போர் போடுகிறவன் எங்கே நிறுத்துவது என்று படிக்க வேண்டும். அந்தப் படிப்பில் நான்தான் முதல் மாணவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

நான்கு வருடம் மனுப் போட்டு எங்களை அந்த ஊருக்கு வரவழைத்தவர் ஞானமுத்து. கருப்பட்டி வியாபாரி, சபைக் கமிட்டியில் உறுப்பினர், நீ கட்டிக்கொள்ளப்போகிற எஸ்தரின் அப்பா. அதற்கு முன்பு அந்த ஊர்ப் பெண்கள் ஒன்றரை மைல் நடந்து தேரி மணல்மேட்டு ஓரத்துக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். மேற்கே போட்ட இரண்டு போரிலும் தண்ணீர் போதவில்லை. மூன்றாவதாகக் கோயிலுக்குப் பக்கத்தில் போட்டோம். இருபத்தாறு அடியில் தண்ணீர் வந்தது. வாய் கொப்பளித்துக் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். சுடலையும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, இளநி தோத்துச்சு," என்றார். ஞானமுத்து மண்ணென்றும் பாராமல் குழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்பம் நிறுத்திருவமா அண்ணாச்சி? ஊருக்கு இது போதும்லா?" என்று கேட்டார்.

போதும்தான். ஆனால் எங்கள் படிவத்தில் மணிக்கு எத்தனை கேலன் தண்ணீர் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த ஊற்று அந்தக் கட்டத்தில் இரண்டாம் வகுப்பாகத்தான் விழும். முப்பத்தொன்றும் முதல் வகுப்பு; முப்பத்திரண்டாவதை இரண்டாம் வகுப்பாக எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்குங்கள் என்றேன். இறக்கினார்கள். முப்பத்து நான்கு அடியில் சுடலை கையை எடுத்தார். "களி தட்டுது அண்ணாச்சி. குழா முனங்குது. நிப்பாட்டிருவோம்."

"இன்னும் நாலடி," என்றேன்.

ஞானமுத்து புரியாமல் சுடலையைப் பார்த்தார். "என்னவே சொல்லுதாரு?"

"நாலடி சொல்லுதாரு. கீழ அவுகளுக்குத் தெரிஞ்சவுக யாரோ இருக்காவ போல," என்றார் சுடலை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்தெட்டாவது அடியில் களி உடைந்து, குழாயில் சாம்பல் நிற மணலும் அதோடு சிப்பித் துகளும் வந்தன. முத்துக் குளித்த கடற்கரை இது. சிப்பியைக் கண்டால் கும்பிடுகிற பரம்பரைகள் இங்கே உண்டு. போர்க் குழாயில் சிப்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்குப் பிறகு சுடலை என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் சரிசெய்திருக்கலாம். களிமண்ணை உருண்டை பிடித்துப் போட்டு இடித்து, இருபத்தாறு அடி வரைக்கும் தூர்த்துவிட்டு, இரண்டு நாள் இறைத்துக்கொண்டே இருந்தால் நல்ல தண்ணீர் திரும்ப வந்துவிடும். இரண்டு நாள் வேலை. அதோடு பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: பொறுப்பாளரின் தவறால் தேவைக்கு மேல் ஆழம் போனது என்று. அன்று காலை முழுவதும் அந்த வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நல்ல தமிழில்தான் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

இனி நெல்லிக்காய். வெயிலில் சுற்றுகிறவர்கள் தாகத்துக்கு மெல்லட்டும் என்று ஏரல் சந்தையில் ஒரு பை நெல்லிக்காய் வாங்கி வைத்திருந்தேன். அதை நான் தொடுவதில்லை. நெல்லிக்காய் தின்றவனுக்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும் என்பது இந்த நாட்டில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும்; நாக்கை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பம்பு மாட்டி, சிமெண்டு மேடை பூசி முடித்தோம். மேடை காய மூன்று நாள் ஆகும், அதுவரை யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது. ருசி பார்க்கிறவர் மட்டும் விலக்கு. உச்சி வெயிலில் ஞானமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார், ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற சட்டை. நான் பையைப் பிரித்தேன். "வெயில்ல வந்திருக்கிய அண்ணாச்சி. ரெண்டு நெல்லிக்கா தின்னுங்க," என்றேன். அவர் கையில் எடுத்துக்கொடுத்தவன் நான். அவர் கொட்டையைத் துப்பும் வரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவனும் நான். பிறகு தம்ளரை நீட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "கல்கண்டு!" என்றார். "கல்கண்டு மாரில்லா இருக்கு!" தூரத்தில் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, "ஏளா, கல்கண்டு!" என்று கத்தினார். தாளில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அழகான, சாயாத கையெழுத்து. மறுநாள் காலையில் போர் செட் லாரியில் ஏறிவிட்டது. வழியெல்லாம் சுடலை எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் குழாய்களோடு உட்கார்ந்து வந்தார்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். அதே மாதம்தான் நீ கணக்கில் பதினேழு மார்க் வாங்கி, ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய். வாத்தியார் சொல்லி அனுப்பினார். நான் உன்னைப் பெல்ட்டால் அடித்தேன். அடித்து முடித்துக் களைத்துப்போய், கையெழுத்து என்பது மனிதனின் வாக்கு, அதில் பொய் கலந்தவன் எதிலும் பொய் கலப்பான் என்று அரைமணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று அன்று எனக்கே திருப்தியாக இருந்தது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ போட்டது உன் கையால், உன் ஒருவன் முதுகுக்காக. ஞானமுத்துவின் சான்று அப்போது என் மேசை இழுப்பறையில், அலுவலகத்துக்குப் போகத் தயாராக இருந்தது. அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். காலம் கடந்த மன்னிப்பால் பயன் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் எழுதிவைக்கிறேன்.

ஆறு வாரம் கழித்துச் சோதனைச்சாலை முடிவு வந்தது: குடிப்பதற்கு உகந்ததல்ல. அதைக் கோப்பில் சான்றுக்கு அடியில் வைத்துக் கட்டினார்கள். மேலே இருப்பதைத்தானே படிப்பார்கள். பனையடிவிளையிலிருந்து மூன்று முறை மனு வந்தது. மூன்றுக்கும் ஒரே பதில் போனது: தங்கள் ஊர்த் தண்ணீர் நன்றாக இருப்பதாகத் தங்கள் ஊர்க்காரரே சான்றளித்துள்ளார், நகல் இணைக்கப்பட்டுள்ளது. அந்தப் பதில்களில் இரண்டாவதை வரைந்தவன் நான். நடை நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார்.

உனக்கு இந்த வரனைச் சாத்தான்குளத்துப் பெரியம்மா கொண்டுவந்தபோது, நாசரேத்தில் டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண் என்று மட்டும்தான் சொன்னாள். நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து, உனக்குப் பிடித்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் ஊர்ப் பெயர் என் காதில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதைச் சொல்வதைவிடச் சம்மதிப்பது சுலபமாக இருந்தது. எட்டு வருடம் ஆயிற்று, தலை நரைத்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, அவருக்கு அடையாளம் தெரியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு, நிச்சயத்துக்குக் கூஜாவோடு வந்தேன். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அதிலிருந்தே குடித்தேன்.

அவருக்கு என்னைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நீங்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "சம்பந்தி, கொஞ்சம் இங்கன வாங்க," என்று கையைப் பிடித்துக் கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பம்பு அங்கேயேதான் இருந்தது. கைப்பிடியில் ஆடு கட்டியிருந்தார்கள். இனி அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கர்த்தர் ஒங்களக் கொண்டாந்து சேத்திருக்காரு சம்பந்தி. ஊருல என்ன பேசுதாவ தெரியுமா? நான் எவன்கிட்டயோ கைநீட்டி வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேனாம். கமிட்டில இருந்து எடுத்துட்டாவ. சின்னப் பயலுவகூட 'கல்கண்டு வாரான்'னுதான் சொல்லுதானுவ. அன்னைக்கு இனிச்சுது, பொறவுதான் கெட்டுச்சுன்னு நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். கல்யாணத்தன்னைக்கு ஊரே கூடி இருக்கும். நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லணும். நீங்களும் குடிச்சியல்லா?"

"சொல்லுதேன்," என்றேன். ஒரு வார்த்தைதான். இரண்டாவது முறையாக அவருக்கு நெல்லிக்காய் கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி, நீ கொச்சிக்கு ரயிலேறிய பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். என் நேர்மையைப் பற்றி இருபத்தேழு வருடமாக அவள் அக்கம்பக்கத்தில் பேசிவந்திருக்கிறாள். அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே, "அந்தச் சம்பந்தியம்மா நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கமாச் சாயுது. நிச்சயத்தன்னைக்கே பாத்தேன். கொடம் வச்சு வச்சு அப்படி ஆயிருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அதையும் பாத்திருப்பிய," என்றாள். அந்தச் சனிக்கிழமை முடிவு அதிலிருந்து வந்தது. அவர்கள் குடிக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு உண்மையைச் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினேன். உப்புத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிப்பதாகப் பஸ்ஸில் கற்பனையும் செய்துகொண்டேன். குற்றவாளிக்கும் மேடை ஆசை உண்டு.

எஸ்தர்தான் தண்ணீர் கொண்டுவந்தாள். "வாங்க மாமா," என்று செம்பை நீட்டினாள். பெரிய மடக்காகக் குடித்தேன். நல்ல தண்ணீர். வெளுத்துப்போய் நிமிர்ந்தேன். "தேரிக் கெணத்துத் தண்ணி மாமா. வாரவங்களுக்குப் பம்புத் தண்ணி கொடுக்க மாட்டோம். அது மாட்டுக்கும் பாத்திரத்துக்கும்தான்," என்றாள். அவள் தலையில் சும்மாடு வைத்த இடத்தில் முடி இன்னும் கலைந்திருந்தது. செம்பில் பாதி மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஞானமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டு வரி, முப்பத்தெட்டு அடி, நெல்லிக்காய், இரண்டாவது பதில், எல்லாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்பம் அன்னைக்கு இனிச்சது நெசந்தானா?"

"ஆமா. ஒங்க வாய்க்கு இனிச்சிருக்கும்."

"நான் பொய் சொல்லல." அவர் என்னிடம் பேசவில்லை, சுவரிடம் பேசினார். "எட்டு வருசம். எனக்கே எம் நாக்கு மேல சந்தேகம் வந்துட்டு, சம்பந்தி. குடிச்சமா, குடிக்கலியா, ஆசையில சொல்லிட்டமான்னு. நான் பொய் சொல்லல."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ஒம்ம நாக்கு தப்பிச்சுது. சந்தோசம். எங் கழுத்துக்கு யாரு சான்று தாரா?" என்றாள். எனக்கு நேராக வந்து நின்றாள். "நாலடி அண்ணாச்சி. நாலடிக்கு எத்தன மைலு நடந்திருக்கேன்னு நீங்க படிச்சவுக, கூட்டிப் பாருங்க."

கல்யாணத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்களோ அதற்குக் கட்டுப்படுகிறேன் என்றேன். இதைச் சொல்லும்போது உன் முகம் நினைவுக்கு வந்தது. உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையை அவர்கள் முன் வைத்துவிட்டேன் என்பதும் தெரிந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதிய. தூத்துக்குடியில ஒங்க வீட்டுல கொழா இருக்குல்லா? எம் பிள்ள அங்கயாவது போயி நிமிந்து நடக்கட்டும்," என்றாள். எஸ்தர் என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள். மிச்சத் தண்ணீரைக் கொட்டவில்லை. உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஞானமுத்து ஒன்று மட்டும் கேட்டார். அவரிடம் சொன்னது போதாது, மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றார். அன்று அங்கேயே தங்கினேன். வேதத்திலிருந்து மூன்று உதாரணங்களோடு ஒரு பேச்சைத் தயாரித்தேன். மறுநாள் கோயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஆண்களும் பெண்களுமாக நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். முதல் உதாரணத்தை எடுப்பதற்குள் முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"அது கெடக்கட்டும் தம்பி. தண்ணி எப்பம் வரும்?"

மற்ற இரண்டு உதாரணங்களுக்கும் தேவை ஏற்படவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. கூட்டம் அந்தக் கேள்வியையே வெவ்வேறு குரலில் கேட்டுவிட்டுக் கலைந்தது. ஞானமுத்துவைக் கமிட்டியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. நான் பஸ் ஏறும்போதுகூட ஒரு பையன், "கல்கண்டு சம்பந்தி போறாரு," என்றான்.

உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்திமதி அதிகமில்லை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவது உன் வேலை. எண்ணாமல் போடாதே என்று உன் அதிகாரிகளே சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு. உனக்குத் தெரிந்த ஒன்றின் கீழே, அது தெரியாத இன்னொருவனைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே. அவன் உன்னை நம்பிக் கண்ணை மூடிக் குடிப்பான். உன் வேலையில் ஒருநாள் நீயும் நாலடி கூடப் போய்விடுவாய், போகாதவன் யாருமில்லை. அன்று இரண்டு நாள் செலவழித்துக் களிமண் உருட்டு. அந்த வரியை எழுதிவிடு. எழுதுவதற்கு முன்னால்தான் அது பெரிய வரி. உன் மாமியார் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் தருகிற தண்ணீரைக் குடி. ஆனால் அது எங்கிருந்து, யார் தலையில் வந்தது என்று பார்த்துவிட்டுக் குடி. எஸ்தரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. நீயும் தொடங்காதே.

அலுவலகத்தில் எழுத்துமூலம் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மேலதிகாரி வருத்தப்பட்டார். என் நடையைப் பாராட்டவில்லை. ஒரு கோப்பை மூடியது எதுவோ அதுவே அதைத் திறக்க வேண்டும் என்பது விதி; ஆகவே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்தவரே நன்றாக இல்லை என்றும் சான்று கொடுக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, சுடலையையும் கூட்டிக்கொண்டு, கூஜா இல்லாமல், போன வாரம் மறுபடி போனேன். ஞானமுத்து அதே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பம்படிக்கு வந்தார். அவர் மனைவி தேரிக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து ஊற்ற, மூன்று முறை வாய் கொப்பளித்தார். "நல்லா கொப்பளியும். பல்லு இடுக்குல நெல்லிக்கா இருக்கப்போவுது," என்றாள் அவள். ஆட்டை அவிழ்த்துவிட்டு, சுடலை கைப்பிடியை அடித்தார். ஞானமுத்து ஒரு தம்ளர் முழுவதையும், கண்ணைத் திறந்துகொண்டு, நிதானமாகக் குடித்தார்.

"உப்பு," என்றார். கையெழுத்துப் போட்டார்.

சான்று ஏற்கப்பட்டுவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது. பனையடிவிளை 'தண்ணீர் உள்ள ஊர்' பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, தண்ணீர் இல்லாத ஊர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வரிசையில் நூற்று அறுபத்தெட்டாவது.